கைதிகளின் அப்பீல் உரிமை: எமது சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாகாண அதிகாரிகளால் அரசியல் சாசன உரிமையை இழந்த எவரும் ஃபெடரல் நீதிமன்றத்தில் பரிகாரம் கோரலாம் என்று 1871-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழி, சிறையில் வைத்தியம் மறுக்கப்பட்டவனுக்கும் காவலரால் அடியுண்டவனுக்கும் இன்றும் திறந்தே இருக்கிறது. ஆயினும் அவனுடைய பிராது விசாரணைக்கு வருமுன்பே தள்ளுபடியாகிவிட்டால், அதன்மேல் அப்பீல் செய்வதற்கு 1996-ஆம் ஆண்டின் சிறைவழக்குச் சீர்திருத்தச் சட்டமும் அப்பீல் விதிகளும் சேர்ந்து விதித்திருக்கும் நிபந்தனைகள் அந்த உரிமையைப் பெயரளவினதாக்கிவிடுகின்றன என்பது எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

இத்தகைய வழக்கில் தீர்ப்பு கோர்ட்டுப் பதிவேட்டில் ஏறியதிலிருந்து 30 நாட்களுக்குள் அப்பீல் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அறிவிப்பைச் சிறை அதிகாரியிடம் ஒப்படைத்த நாளே தாக்கல் செய்த நாளாகும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது பெரிய உபகாரமே. எனினும் கெடு தொடங்குவது தீர்ப்பின் நகல் கைதியின் கைக்கு எட்டிய நாளிலிருந்து அன்று. ஆதலால், இடையில் வேறு சிறைக்கு மாற்றப்பட்டவனுக்கு நகல் வந்து சேரும்போது கெடுவே முடிந்துவிட்டிருப்பதுண்டு. காலத்தை மீண்டும் திறந்துதரும்படி அவன் மனுச் செய்யலாம். தீர்ப்புக்குப் பின் 180 நாட்கள் கடந்துவிட்டால் அதற்கும் இடமில்லை. கெடு தவறி அனுப்பிய அறிவிப்பே, காலம் மீண்டும் திறக்கப்பட்டதும் செல்லும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் கூறியதை மனமார வரவேற்கிறோம்.

கட்டணத்தின் பாரம் இதனினும் கொடிது. மற்ற ஏழைகளுக்குத் தள்ளிக்கொடுக்கப்படும் 605 டாலர் அப்பீல் கட்டணத்தைக் கைதி மட்டும் தவணைகளாகவேனும் முழுமையும் செலுத்தியாகவேண்டும். அவன் கணக்கில் மாதந்தோறும் சேரும் பணத்தில் ஐந்திலொரு பங்கு இதற்கென்று பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியே அவ்வாறு பிடிக்கலாம் என்று 2016-இல் தீர்ப்பானபடியால், ஒரே பிராதும் அதன் அப்பீலும் சேர்ந்தே ஐந்திலிரண்டு பங்கைக் கொண்டுபோகும். டெக்ஸஸ் முதலிய மாகாணங்களில் சிறை வேலைக்குக் கூலியே கிடையாதாகையால், இந்தப் பணம் பெரும்பாலும் வெளியிலுள்ள தாயோ மனைவியோ அனுப்பியதாகும்.

யாவற்றிலும் எம்மை வருத்துவது மூன்று தள்ளுபடி விதி. ஆதாரமற்றதென்றோ, துர்நோக்கமுடையதென்றோ, சட்டப்படி நிவாரணத்துக்கு இடமில்லாததென்றோ மூன்று வழக்குகள் தள்ளப்பட்டால், பிறகு முழுக் கட்டணத்தையும் முன்னதாகக் கட்டாமல் அவன் வழக்கோ அப்பீலோ தொடர இயலாது; உடனடியாகக் கடுமையான தேக அபாயம் நேரவிருந்தால் மட்டுமே விலக்கு உண்டு. ஒரு தள்ளுபடி அப்பீலில் நிலுவையிலிருக்கும்போதே கணக்கில் ஏறும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. வீண் வழக்குகளின் பெருக்கம் கோர்ட்டுகளுக்கு மெய்யாகவே சுமையென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கீழ்க்கோர்ட்டு தவறியதா என்பதை ஆராய்வதற்கே அப்பீல் இருக்க, ஆராயுமுன்பே அந்தத் தீர்ப்பைக் கைதிக்கு எதிரான தண்டனையாக எண்ணிக்கொள்வது நியாயமாகாது.

ஆகவே, அப்பீல் முற்றும் தீர்ந்த தள்ளுபடிகளை மட்டுமே கணக்கிடுமாறும், அப்பீல் கெடு நகல் கைதியிடம் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குமாறும், எத்தனை வழக்குகளிருந்தாலும் மாதப் பிடித்தம் மொத்தத்தில் ஐந்திலொரு பங்கை மிஞ்சாதவாறும் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தவேண்டுமென்று கோருகிறோம். மூன்றாவது தள்ளுபடியை எதிர்த்தே செய்யப்படும் அப்பீலுக்கு மூன்று தள்ளுபடி விதியின் தடை பொருந்துமா என்பதை 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முடிவுசெய்யாமல் விட்டிருப்பதால், அத்தகைய அப்பீல்களைக் கட்டணத்தைக் காரணங்காட்டித் திருப்பாமல் ஏற்று விசாரிக்கும்படி அப்பீல் கோர்ட்டுகளை, திருத்தம் வரும்வரையில், வேண்டிக்கொள்கிறோம்.