எண்ணெயைக் கூட்டுவதா, சிதறச் செய்வதா?

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுவதில்லை. நிலக்கரியின் பரப்பும் ஏறக்குறைய அத்தகையதே. அதனுடன் கலந்துள்ள களிமண்ணிலோ நீர் நன்றாக ஒட்டும். இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தித்தான் ஜாரியா வட்டாரத்துக் கரி கழுவும் ஆலைகள் சிலவற்றில், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கரித்தூளைத் தூய்மை செய்கிறார்கள்.

தூள் கலந்த நீரில் சிறிது டீசலை விட்டுக் கலக்கி, காற்றைச் செலுத்துவார்கள். டீசல் கரித்துகளின்மீது படர்ந்து, நீர் ஒட்டாத தன்மையை மிகுவிக்கிறது. அத்துகள் காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வருகிறது. களிமண் நீரிலேயே தங்கிவிடுகிறது. நுரை நிலைத்து நிற்கப் பைன் எண்ணெய் போன்ற ஒரு பொருளையும் சேர்ப்பதுண்டு. இதுவே நுரை மிதப்பு முறை.

எரிபொருளைக் காக்க எரிபொருளையே செலவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 1 டன் தூளுக்கு 1 கிலோ டீசல் செலவாகி, அரை டன் நல்ல கரி கிடைப்பதாகக் கொள்வோம். 1 கிலோ டீசல் தரும் வெப்பம் ஏறத்தாழ 10,000 கிலோகலோரி. 1 கிலோ கரி 6,000 கிலோகலோரி தருமெனில், அரை டன் கரி தருவது 30 லட்சம். செலவைப்போல் வரவு 300 மடங்கு! ஆகவே, கரித்தூளைக் கழிவுக் குட்டையில் கொட்டுவது பெரும் நட்டமே.

ஆனால், எண்ணெய் கூடக்கூடக் கரியும் கூடும் என்று எண்ணுவது தவறு. மிதமிஞ்சிய டீசல் நுரையைக் கெடுக்கும். மண்ணையும் கரியோடு சேர்த்து இழுத்துவரும். வரலாறும் இதையே காட்டுகிறது. 1898இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற எல்மோர் முறையில், கனிமங்களைப் பிரிக்க ஏராளமான எண்ணெய் தேவைப்பட்டது. 1905இல் சல்மனும் பிக்கார்டும், கனிமத்தின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான எண்ணெயே போதும், தூக்கும் வேலையைக் காற்றுக் குமிழிகள் செய்யும் என்று கண்டனர்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறச் செய்வதுதான். 1 மில்லிலிட்டர் எண்ணெயை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். விட்டத்தை நூறில் ஒரு பங்காக்கினால் பரப்பு 6,000 ஆகிவிடும்! கோளத்தின் பரப்பு, கன அளவு வாய்பாடுகளைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

கச்சா எண்ணெயிலும், எஃகு ஆலைகளுக்கான கரியிலும் பெரும்பகுதியை நம் நாடு வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. எனவே, கரி ஆலைகள் டீசலின் அளவைக் கூட்டுமுன், அதைச் சிதறடிக்கும் கலக்கியைச் சீர்செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.