சின்ன எஞ்சின்! பெரிய சக்தி! ஆயுள் கெட்டியா?

அமெரிக்காவில் விற்ற சுமார் 2 லட்சத்து 29 ஆயிரம் வண்டிகளை டொயோட்டா கம்பெனி திரும்ப அழைத்திருக்கிறது.

2024-ம் ஆண்டு மே மாதம் சுமார் 1 லட்சத்து 2 ஆயிரம் வண்டிகள். 2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் மேலும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் வண்டிகள்.

காரணம் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் எஞ்சின் பாகங்களைக் கடையும்போது உதிர்ந்த துகள்கள்! அவை முழுவதும் அகற்றப்படாமல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகக்கூடும் என்று கம்பெனியே அறிவித்தது.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிற வண்டி திடீரென்று சக்தி இழந்தால் என்ன ஆகும்? பின்னால் லாரி வருகிறது. உள்ளே குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. எனவே இது வெறும் எந்திர சமாசாரம் அல்ல. உயிர் சமாசாரம்.

டொயோட்டா சாதாரணக் கம்பெனியும் அல்ல. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடினாலும் சளைக்காத எஞ்சின் என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கியது. அந்தக் கம்பெனிக்கே அடி சறுக்கியது எப்படி?

எட்டு போய் ஆறு வந்தது

திரும்ப அழைக்கப்பட்டவற்றில் முக்கியமானது 'டண்ட்ரா'. பின்புறம் சாமான் தொட்டி உள்ள பெரிய வண்டி இது. அமெரிக்கக் குடும்பங்கள் இப்படிப்பட்ட வண்டியில்தான் கடைக்குப் போகின்றன. லீவு நாளில் படகையும் கட்டி இழுத்துக்கொண்டு போகின்றன.

முன்பு இதில் இருந்தது 8 சிலிண்டர் எஞ்சின். அளவு 5,700 சி.சி. சக்தி 381 குதிரை. பெட்ரோலை அது குடம் குடமாகக் குடித்தது. ஒரு லிட்டருக்குச் சுமார் 6 கிலோமீட்டர்தான் ஓடும்.

2022-ம் ஆண்டு மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். 6 சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். அளவு 3,400 சி.சி.தான். ஆனால் சக்தியோ 389 குதிரை! ஒரு லிட்டருக்குச் சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது.

எஞ்சின் சிறுத்தது. சக்தி குறையவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகவில்லை! இந்த அதிசயத்தைச் செய்தவை இரண்டு 'டர்போ'க்கள்.

எஞ்சினுக்கு ஒரு துருத்தி

டர்போ என்றால் என்ன?

கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். துருத்தியை ஊதினால் உலை ஜொலிக்கிறது. காற்று அதிகமானால் தீ அதிகமாகிறது. எஞ்சினும் அப்படித்தான். அதிகக் காற்றைத் திணித்தால் அதிக பெட்ரோலை எரிக்கலாம். சக்தி பெருகும்.

அந்தத் துருத்தியை ஊதுவது யார்? எஞ்சின் வெளியே தள்ளும் புகைதான்! வீணாகப் போகிற அந்தப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது காற்றை எஞ்சினுக்குள் அமுக்குகிறது. நிமிஷத்திற்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் இவை சுழலும். 1905-ம் ஆண்டிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூச்சி.

ஆகவே, சக்தியைக் கூட்டுவது பெரிய வித்தை அல்ல. காற்றை இன்னும் கொஞ்சம் அமுக்கினால் குதிரைகள் கூடிவிடும். அந்தக் குதிரைகளை எஞ்சின் எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

தண்ணீர் கேட்ட கார்

இந்தப் பாடத்தை அமெரிக்கா 1962-ம் ஆண்டிலேயே படித்தது. அந்த வருஷம் 'ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர்' என்ற டர்போ கார் விற்பனைக்கு வந்தது. 3,500 சி.சி. எஞ்சினில் 215 குதிரை சக்தி என்று விளம்பரம் செய்தார்கள்.

அமுக்கிய காற்று சூடாகும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். 'டக், டக்' என்று சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். இது நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

இதைத் தடுக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவம் ஒன்றை எஞ்சினுக்குள் தெளிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். திரவம் தீர்ந்தால் கார்ச் சொந்தக்காரர் ஊற்ற வேண்டும். பலர் ஊற்றவில்லை! கார் சோர்ந்துபோனது. இரண்டே வருஷத்தில் தயாரிப்பு நின்றது. சுமார் 9,600 கார்களே வெளிவந்தன.

ஓட்டுகிறவரின் ஞாபக சக்தியை நம்பி எஞ்சின் செய்யக்கூடாது என்று அன்று புரிந்தது.

அடுத்து வந்தது ஸ்வீடன் நாட்டு 'ஸாப்' கம்பெனி. 1978-ம் ஆண்டில் அது விற்ற 2,000 சி.சி. டர்போ காரில் சக்தி 145 குதிரைதான். காற்றின் அழுத்தம் எல்லை மீறினால் புகையை வேறு வழியில் திருப்பிவிட ஒரு வால்வு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாக்கிங் சத்தத்தைக் கேட்டவுடன் அழுத்தத்தைத் தானே குறைக்கும் கருவியையும் அந்தக் கம்பெனி பொருத்தியது. ஆசையை அடக்கியதால் அந்தக் காரின் எஞ்சின் பிழைத்தது.

தாங்கும் எஞ்சின் எப்படி இருக்கும்?

டொயோட்டாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்!

1993-ம் ஆண்டில் அதே கம்பெனி 'சூப்ரா' காரை வெளியிட்டது. 3,000 சி.சி. எஞ்சின். இரண்டு டர்போ. ஜப்பானில் 280 குதிரை. அமெரிக்காவில் 320 குதிரை. வார்ப்பு இரும்பில் செய்த கனமான உடல். 6 சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றின் கீழே சுழலும் 'கிராங்க் ஷாப்ட்' என்ற தண்டை 7 பேரிங்குகள் தாங்கும். கார்ப் பிரியர்கள் இதே உடலையும் தண்டையும் வைத்துக்கொண்டு சக்தியை இரண்டு மடங்காக்கினார்கள். எஞ்சின் தாங்கியது! தேவைக்கு மேல் பலம் வைத்துக் கட்டியதால் வந்த பெருமை அது.

ஜெர்மனியில் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. கம்பெனி 2019-ம் ஆண்டில் 2,000 சி.சி. எஞ்சினில் 421 குதிரை சக்தியைக் கொண்டுவந்தது. அடித்து உருவாக்கிய பிஸ்டன்கள், பலமான உடல், விசேஷக் குளிரூட்டல் எல்லாம் அதில் உண்டு. அதற்குத் தகுந்த விலையும் உண்டு!

துகள் செய்த வேலை

மறுபடியும் டண்ட்ராவுக்கு வருவோம்.

கிராங்க் ஷாப்ட் பேரிங்கின்மேல் நேராக உட்காருவதில்லை. இடையில் ஆயில் படலம் இருக்கிறது. பாரம் ஏறும்போது அதன் கனம் சில மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமயிரின் கனமே பல மைக்ரான்கள் இருக்கும்! அந்தப் படலத்திற்குள் ஒரு துகள் புகுந்தால்? கண்ணில் தூசி விழுந்த கதைதான்.

பழைய 8 சிலிண்டர் எஞ்சினில் இந்தத் தண்டைத் தாங்கிய முக்கிய பேரிங்குகள் 5. புதிய எஞ்சினில் 4. ஆனால் புதிய எஞ்சினின் இழுவை சக்தி ஏறக்குறைய 20 சதவிகிதம் அதிகம். அதுவும் 2,400 சுற்றிலேயே முழு இழுவை கிடைக்கிறது. பழைய எஞ்சினுக்கு 3,600 சுற்று தேவைப்பட்டது. தண்டு மெதுவாகச் சுழலும்போது ஆயில் படலம் மெலிதாக இருக்கும். அந்த நேரத்தில்தான் பாரம் முழுவதும் இறங்குகிறது.

துகள் பேரிங்கில் ஒட்டிக்கொண்டு, அதிக பாரத்தில் எஞ்சின் தொடர்ந்து ஓடினால் பேரிங் கெட்டுப்போகலாம் என்பதே கம்பெனி தந்த விளக்கம்.

யார் குற்றவாளி?

"டர்போவே கூடாது" என்று சிலர் சொல்கிறார்கள். "துகளைக் கழுவாததுதான் தப்பு, டர்போ என்ன செய்யும்?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது. துகளை டர்போ கொண்டுவரவில்லை. ஆனால் சின்ன எஞ்சினிடம் பெரிய வேலை வாங்கும்போது, தவறை மன்னிக்கும் குணம் குறைந்துவிடுகிறது. அதற்கேற்ப தொழிற்சாலையில் சுத்தமும் பரிசோதனையும் கூட வேண்டும். அது கூடாத இடத்தில்தான் வினை.

மற்றொரு உதாரணமும் உண்டு. 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் போர்டு கம்பெனி 90,736 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவையும் டர்போ வண்டிகள். ஆனால் அங்கே குற்றவாளி, முறிந்துபோகும் வால்வு!

வாங்குகிறவர்களுக்கு

இந்தியாவிலும் 1,000 சி.சி. டர்போ பெட்ரோல் கார்கள் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆயிலில் சிக்கனம் கூடாது. குறைந்த வேகத்தில் டர்போ எஞ்சினுக்குள் பெட்ரோல் முந்தி எரிவதைத் தடுப்பதற்காகவே 2018-ம் ஆண்டில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தனி ஆயில் தரம் வகுத்தது. காருடன் தரும் புத்தகத்தில் எந்த ஆயில் சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். சொன்ன நாளில் மாற்ற வேண்டும்.

2024-ல் அழைத்த வண்டிகளுக்கு எஞ்சினையே மாற்றித் தருவதாக டொயோட்டா அறிவித்தது. நல்ல காரியம். அந்தப் புது எஞ்சின்கள் இனி பல லட்சம் கிலோமீட்டர் பாரம் இழுத்துக் காட்ட வேண்டும். பழைய நற்பெயர் திரும்புவது அதைப் பொறுத்தே இருக்கிறது.