ஆமெனுக்கு முன்னால்

டெக்னோபார்க்கும் தேசிய நெடுஞ்சாலையும் சேர்ந்து கழக்கூட்டத்தை இரைச்சல் மிகுந்த ஊராக்கிவிட்டன. அங்கிருந்து கடலை நோக்கிப் போனால் தும்பா. அங்குள்ள புனித மகதலேனா மரியாள் தேவாலயத்தில் இப்போது திருப்பலி கிடையாது. அது விண்வெளி அருங்காட்சியகம்.

1960களின் தொடக்கத்தில் ராக்கெட் ஏவ இடம் தேடிவந்த விக்ரம் சாராபாய், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்தார். பிஷப் தாமாக முடிவு சொல்லவில்லை. கோயிலை விஞ்ஞானத்துக்குக் கொடுக்கலாமா என்று ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே கேட்டார். அப்துல் கலாம் விவரித்திருப்பதன்படி, சற்று நேரம் நிசப்தம். பிறகு ஒரே குரலாக 'ஆமென்'. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் பறந்தது.

பலரும் அந்த ஆமெனைத்தான் மெச்சுகிறார்கள். ஆனால் ஞானஸ்நானமும் கல்யாணமும் நடந்த கோயிலை விட்டுக்கொடுக்கும் மனம் அந்த மீனவ மக்களுக்கு வந்தது அதற்கு முந்தைய மௌனத்தில்தான்.

கிறிஸ்தவ மரபில் மௌனம் என்றால் காதுகொடுப்பது. எலியா தீர்க்கதரிசி கடவுளைப் புயலிலும் பூகம்பத்திலும் நெருப்பிலும் காணவில்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஓசையில்தான் உணர்ந்தார். எகிப்தின் பாலைவனத் துறவிகள் தேடிப்போனதும் அதைத்தான். குளித்தலை அருகே காவிரிக்கரையில் 1950இல் மொன்ஷானென், ல சோ என்ற இரு பிரெஞ்சுப் பாதிரியார்கள் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியதும் அதற்காகத்தான்.

இன்று? நற்கருணை வாங்கியபின் நிலவ வேண்டிய அமைதியைப் பாடகர் குழு நிரப்பிவிடுகிறது. மிச்சத்தை அறிவிப்புகள் விழுங்குகின்றன. பல ஜெபக்கூட்டங்களில் கீபோர்டு ஓய்வதே இல்லை. சென்னை சபை ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கில், பிறர் நிம்மதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் சுப்ரீம் கோர்ட் எடுத்துச்சொல்ல வேண்டிவந்தது.

மௌனமெல்லாம் துறவிகளுக்கு, குடும்பஸ்தர்களுக்குப் பாட்டுதான் ஒத்துவரும் என்று சிலர் சொல்லலாம். தும்பாவில் அன்று மௌனமாக இருந்தவர்கள் வலை வீசிப் பிழைத்த குடும்பஸ்தர்கள். பாட்டு வேண்டாம் என்பதும் அல்ல வாதம். அநியாயத்தைக் கண்டு வாயை மூடிக்கொள்வதை மௌனம் என்று சொல்லவும் முடியாது. அது பயம்.

பிரசங்கம் முடிந்ததும் இரண்டு நிமிடம், நற்கருணைக்குப் பின் இரண்டு நிமிடம். பங்குத்தந்தைகளும் போதகர்களும் இதைச் செய்து பார்க்கலாம். கமிட்டியோ காணிக்கையோ தேவையில்லை. முதல் சில வாரம் இருமலும் செருமலும்தான் கேட்கும். பழகிவிட்டால், தும்பா மக்களிடம் கேட்கப்பட்டது போன்ற ஒரு பெரிய கேள்வி என்றாவது வரும்போது, யோசித்து ஆமென் சொல்ல ஒரு சபை தயாராக இருக்கும்.