பாம்புக்கு வீடு: கண்ணாடித் தொட்டி போதுமா?

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது பழைய பேச்சு. இப்போது படுக்கை அறைக்குப் பக்கத்திலேயே பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறார்கள்!

அவர்கள் தேடுவது "பால் பைத்தான்" என்ற பாம்பை. பெயரைக் கேட்டு, பால் குடிக்கும் பாம்பு என்று யாரும் கிண்ணத்தில் பால் ஊற்றிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் "பால்" என்றால் பந்து. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது.

"விஷம் இல்லையே சார், அப்புறம் என்ன?" என்கிறார்கள்.

மனிதனுக்கு ஆபத்து இல்லை, சரி. பாம்பின் கதி?

மீன் வளர்த்த பழைய தொட்டியில் போட்டு, மேலே ஒரு பலகையை வைத்து மூடினால் அது வீடு ஆகிவிடாது. அது ஜெயில்!

பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் அது பிழைக்கிறது. ஆகவே தொட்டியில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்க வேண்டும். இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் குளிர்ந்துபோனால் தின்ற எலி செரிக்காது, கக்கிவிடும். சளியும் பிடிக்கும். மே மாத வெயிலில் ஜன்னல் ஓரம் வைத்தாலோ, கண்ணாடிக்குள் வெந்தே போகும். சூடு தர மின்சாரத் தகடு வைப்பவர்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு பொசுங்கும் வரை பாம்பு அதன் மேலேயே கிடக்கும்.

இடமும் தாராளமாக வேண்டும். 4 அடிப் பாம்பு உடம்பை நீட்டிப் படுக்க 4 அடி நீளம், 2 அடி அகலம் தேவை. பகலில் வளையில் ஒளிந்து, இரவில் வெளியே வரும் பிராணி அது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று ஒளிய இரண்டு பொந்துகள் இருந்தால்தான் நிம்மதி. காற்றில் ஈரம் 60 சதவீதம் அளவில் இல்லாவிட்டால் சட்டை ஒழுங்காக உரியாது. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்க வேண்டும். உயிருள்ள எலியைப் போட்டு வேடிக்கை பார்ப்பதும் தப்பு. எலி திருப்பிக் கடித்துப் பாம்பைப் புண்ணாக்கிவிடும்.

பூட்டு மிக முக்கியம். தலை நுழையும் சந்து கிடைத்தால் போதும், உடம்பும் நுழைந்துவிடும். அப்புறம் மாடி வீடு முழுக்க அலறல்தான்!

இது 20, 30 வருஷம் வாழும் பிராணி. காலேஜுக்குப் போகும் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் பிள்ளை காலேஜுக்குப் போகும் வரை அது இருக்கும். அலுத்துப்போனதும் அடையாற்றங்கரையில் விட்டுவிடலாமா? கூடவே கூடாது. அங்கே அது செத்துப்போகலாம். இல்லாவிட்டால் நம் ஊர்ப் பாம்புகளுக்கு நோயைக் கொடுக்கலாம்.

சட்டமும் சும்மா இல்லை. நல்ல பாம்பு, சாரை, நம் நாட்டு மலைப்பாம்பு ஆகியவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போல, "சைட்டிஸ்" சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. குட்டி போட்டாலும், இறந்தாலும், கைமாறினாலும் சொல்ல வேண்டும்.

ஆனால் கள்ளக் கடத்தல் நின்றபாடில்லை. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் பிடிபட்டன. பாங்காக்கிலிருந்து மூச்சு முட்ட வந்தவை! வாங்க ஆள் இருப்பதால்தானே கொண்டு வருகிறார்கள்?

பிடிபட்டதோடு கதை முடிந்துவிடக் கூடாது. விற்கும் இடங்களை வனத்துறை திடீர் சோதனை போட வேண்டும். பதிவு செய்தவர்களின் வீட்டில் தொட்டி எப்படி இருக்கிறது என்றும் எட்டிப் பார்க்க வேண்டும்.

பாம்பைப் பார்க்க ஆசையா? கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பில் இல்லாமல், பதிவு இல்லாமல் பையில் போட்டுத் தரும் பாம்பை மட்டும் யாரும் வாங்க வேண்டாம்.