அந்தத் தண்ணீருக்குத் தரை உண்டு

எங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்தவர் என் அம்மா ஒருவர்தான். போன அரையாண்டு விடுமுறையில் மதுரைக்கு வெளியே இருக்கும் ஒரு வாட்டர் பார்க்குக்கு ஐந்து பேர் போனோம். அன்று முழுக்கத் தண்ணீரில் கால் வைக்காதவரும் அவர் ஒருவர்தான். சேலையோடு இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. பருத்தி நூல் வடிகட்டியை அடைக்கும், முந்தானை சறுக்கில் மாட்டும். விதியில் நியாயம் இருக்கிறது. வாடகைக்கு நைலான் உடுப்பும் வைத்திருந்தார்கள். ஆனால் அறுபத்தாறு வயதுப் பெண் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்கிற மாதிரி அதில் ஒன்றுகூட இல்லை. "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்று வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. வாசலில் உயரம் அளக்கிற கோலைத் தாண்டிவிட்டாள் என்று மகளுக்கும் டிக்கெட் போட்டார்கள். பெரிய சறுக்கின் படிக்கட்டில் இன்னொரு கோல் இருந்தது. அங்கே உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வாசல்ல பெரிய பிள்ளைன்னாங்க, இங்க மட்டும் எப்படிக் குட்டியாயிட்டேன்?" என்று கேட்டாள். காசு வாங்குகிற கோல் வேறு, காப்பாற்றுகிற கோல் வேறு என்று எப்படிச் சொல்வது? தலைமேல் கவிழும் வாளியைக் கண்டதும் அவளும் அதை மறந்துவிட்டாள்.

"மருந்து வாடை தூக்கலா இருக்கு, சுத்தமா வெச்சிருக்காங்க" என்றார் கணவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: மூக்கைத் துளைக்கும் அந்த வாடை வெறும் குளோரினுடையது அல்ல. நம் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. வாடை ஏறினால் குளத்தில் அழுக்கு ஏறியிருக்கிறது என்று பொருள். இறங்கும் முன் குளித்துவிட்டு வரச் சொல்லும் பலகையை நாங்கள் யாரும் மதிக்கவில்லை. அந்த வாடையில் எங்கள் பங்கும் உண்டு.

விஷயம் நடந்தது அலைக்குளத்தில். சைரன் ஊதியதும் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சுவரில் எழுதியிருந்த 3 அடி, 4 அடியெல்லாம் தள்ளி இருந்தன. நாங்கள் நின்றது என் முழங்காலுக்கும் கீழே. மகள் கணவர் பக்கம் நிற்கிறாள் என்று நான் மகனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் நிற்கிறாள் என்று அவர் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது ஒரு கல்லூரிப் பெண் என் மகளைத் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். அலை பின்வாங்கியபோது கால் வழுக்கிக் குப்புற விழுந்திருக்கிறாள். நாலைந்து நொடிதான் இருக்கும். இருமினாள், அழுதாள், பத்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் கேட்டாள். விசில் வைத்திருந்த காவலர் ஆழமான பக்கத்தில் நின்றிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற பிள்ளை அவள்.

என்னை இன்றும் உலுக்குவது, சத்தமே வரவில்லை என்பதுதான். சினிமாவில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். நிஜத்தில் மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? கை தன்னையறியாமல் தண்ணீரை அழுத்துமே தவிர மேலே எழும்பி ஆடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

இதோடு முடிந்திருந்தால் 'பெற்றோரே, கைப்பேசியைக் கீழே வையுங்கள்' என்று எழுதி நிறுத்தியிருப்பேன். ஆனால் மூன்று வாரம் கழித்துப் பொங்கலுக்கு மானாமதுரைப் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போனோம். மாட்டுப் பொங்கலன்று மாடு குளிப்பாட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனோம். மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்து கிடந்தது. மகன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அலைக்குளத்தில் நடந்த மாதிரியே நேராக உள்ளே நடந்தான். முழங்கால், தொடை, இடுப்பு. கரையிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் மாடுகளே மிரண்டன. "டேய், அங்கேயே நில்லு! ஒரு எட்டு எடுத்து வைக்காத!"

சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டு இறங்கி அவனை இழுத்து வந்தார். பிறகு, ஆடு மேய்க்க வந்தவரின் துரட்டியை வாங்கி, அவன் நின்ற இடத்துக்கு ஓரெட்டு தள்ளித் தண்ணீரில் விட்டுக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான கம்பு, பிடித்திருந்த கைவரை உள்ளே போய்விட்டது. சவுடு அள்ளிய குழி. மகன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "இங்க எத்தனை அடின்னு ஏன் அம்மாச்சி எழுதிப் போடல?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்த தண்ணீர் நீல நிறம். அடியில் ஓடு தெரியும். ஆழம் சுவரில் எழுதியிருக்கும். வாட்டர் பார்க் பிள்ளைகளின் தண்ணீர்ப் பயத்தைப் போக்கிவிடுகிறது, நீச்சலைச் சொல்லித்தருவதில்லை. இந்தப் பாதிப் படிப்போடு அவர்கள் கண்மாய்க்கும் கல்குவாரிக்கும் வருகிறார்கள்.

அதற்காகக் கிணற்றடிக் காலத்தைப் பாடப் போவதில்லை. அம்மா இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கமலைக் கிணற்றில் நீந்தப் பழகியவர். அதே கிணற்றில் அவரோடு பள்ளிக்குப் போன பெண் ஒருத்தி மூழ்கிப்போனதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று கற்றுத்தர ஒரு மாமனோ அண்ணனோ மேட்டில் நின்றார்கள். இன்று கிணறு இருந்த இடத்தில் போர்வெல் குழாய் நிற்கிறது.

மகனுக்கு அம்மா சொன்ன பதில்: "நீந்தத் தெரிஞ்சவனுக்கு எதுக்குடா அடிக்கணக்கு?" அது பாதி உண்மைதான். நீந்தத் தெரிந்தவர்களையும் குழி விழுங்கும். மண் அள்ளிய கண்மாயில் குழியை மட்டப்படுத்துவதும், எச்சரிக்கைப் பலகை நடுவதும் அனுமதி கொடுத்தவர்களின் பொறுப்பு. மீதிப் பாதி, பிள்ளைகளுக்கு நீச்சல். அதற்குப் பளிங்குக் குளம் வேண்டியதில்லை. வங்கதேசத்தில் ஊர்க்குளத்திலேயே மூங்கிலால் மேடையும் அடைப்பும் கட்டி ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுத்தருகிறார்கள். அதற்கும் சிறிய பிள்ளைகளுக்குப் பகல் காப்பகம். 2022இல் அந்த நாட்டு அரசே 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களுக்கான திட்டத்தைக் கையில் எடுத்தது. கண்மாய்க்கும் மூங்கிலுக்கும் நமக்கென்ன பஞ்சம்?

வாட்டர் பார்க்குக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் மறுபடி போவோம். ஆனால் இந்த முறை, இன்னார் பார்க்கும் நேரம் இது என்று முறைவைத்துக்கொள்வோம். பார்க்கிறவர் கையில் போன் இருக்காது, பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பார்க் நடத்துகிறவர்களிடம் இரண்டே கோரிக்கை: முழங்கால் தண்ணீரிலும் ஒரு காவலரை நிறுத்துங்கள். பாட்டிகள் கூசாமல் போட்டுக்கொள்ளும்படி உடுப்பு வையுங்கள். நீச்சல் தெரிந்தவரைப் பைக்குக் காவல் வைத்துவிட்டு, தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். இதைவிடக் கூத்து உண்டா?

வருகிற கோடையில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்தில் மகனோடு நானும் சேரப் போகிறேன். கையும் காலும் மூடுகிற உடுப்பு வாங்கக் கடைக்குப் போனபோது அம்மாவுக்கும் ஒன்று கேட்டேன். "அந்த வயசுக்கு யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார் கடைக்காரர். ஏணி போட்டு மேல்தட்டில் தேடிப் பார்த்துவிட்டு, வரவழைத்துத் தருவதாகச் சொல்லி அளவு எழுதிக்கொண்டார்.