மீன் உடம்பில் ஒட்டும் புழு... அதுக்குப் பேர் வைக்கிறது ஏன் அவ்வளவு முக்கியம்?

மீன் வாங்கப் போனால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பா இருந்தா ஃப்ரெஷ். நம்ம ஆராய்ச்சி அத்தோடு முடிஞ்சுடும். அதே செவுளை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைப்பவர்களுக்கு அங்கே இன்னொரு கூட்டமே குடியிருப்பது தெரியும்.

யார் இந்தப் புழுக்கள்?

மொனோஜீனியா என்ற வகையைச் சேர்ந்த தட்டைப்புழுக்கள் இவை. பல இனங்கள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உடம்பின் பின்முனையில் இருக்கும் கொக்கிகளால் மீனின் செவுளிலோ தோலிலோ பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. நத்தை, நண்டு என்று இடையில் வேறு உயிர் எதுவும் தேவையில்லை. ஒரு மீனிலிருந்து நேரா அடுத்த மீனுக்குப் போய்விடும். மனிதர்களுக்கு இவை தொற்றாது. அதனால் மீன் குழம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பெரும்பாலான இனங்கள் ஒரே ஒரு மீன் இனத்திலோ, நெருங்கிய சொந்தங்களான சில மீன்களிலோ மட்டும்தான் இருக்கும். அப்படியானால், இதுவரை யாரும் செவுளைத் திறந்து பார்க்காத ஒவ்வொரு மீன் இனத்திலும் பெயரில்லாத புழு ஒன்று காத்திருக்க வாய்ப்புண்டு.

புது இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

செவுளைத் தனியாக எடுத்துக் கழுவி, புழுவை ஊசியால் பிரித்து, கண்ணாடித் தகட்டில் தட்டையாக்குவார்கள். மென்மையான சதையை விட, கெட்டியான பாகங்கள்தான் அடையாளம் சொல்லும். கொக்கியின் வளைவு, இனப்பெருக்க உறுப்பின் வடிவம் என எல்லாவற்றையும் மைக்ரோமீட்டர் கணக்கில் அளந்து படம் வரைவார்கள். களவா மீன்களின் செவுளில் வாழும் சூடோராப்டோசினோகஸ் பேரினத்தில், பெண் உறுப்பின் கெட்டியான பகுதியை வைத்துத்தான் ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து முக்கியமாகப் பிரிக்கிறார்கள்.

இப்போது டிஎன்ஏவும் சேர்ந்துவிட்டது. புழுவின் ஒரு துண்டு டிஎன்ஏ சோதனைக்கு, கொக்கி உள்ள மீதித் துண்டு தகட்டுக்கு. கடைசியில் ஒரு மாதிரியை ‘ஹோலோடைப்’ என்று குறித்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்க்கலாம்.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

நியோபெனெடினியா கதையைப் பாருங்கள். நியூயார்க் மீன் காட்சியகத்தின் மீன்களில் கிடைத்த ஒரு புழுவுக்கு 1927-ல் ‘மெல்லேனி’ என்று பெயர் வைத்தார்கள். அதே மாதிரி இருந்த இன்னொன்றுக்கு 1955-ல் ‘கிரெல்லே’ என்று பெயர் வந்தது. 1996-ல், ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லி மெல்லேனியோடு சேர்த்துவிட்டார்கள். விளைவு? 100-க்கும் மேற்பட்ட மீன் இனங்களைத் தாக்கும் ஒரே புழு என்று மெல்லேனிக்குப் பெயர் கிடைத்தது.

2018-ல் வெளிவந்த டிஎன்ஏ ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. இரண்டும் தனித்தனி இனங்கள். உலகெங்கும் மீன் பண்ணைகளில் முக்கியமாகத் தொல்லை கொடுப்பது கிரெல்லே. அதாவது, இத்தனை வருஷமும் குற்றப்பத்திரிகை தப்பான ஆள் பெயரில் இருந்தது.

பண்ணைக்காரருக்கு இது ஏட்டுச் சண்டை அல்ல. இந்தப் புழு வந்தால் மீனை நன்னீரில் முக்கி எடுப்பார்கள். புழு செத்துவிடும், முட்டை சாகாது. ஒட்டும் இழையால் அது வலையில் சிக்கிக்கொண்டு பொரியும். ஆகவே முட்டை பொரிந்த பிறகு, புதுப் புழு முட்டையிடுவதற்கு முன் இரண்டாவது முறை முக்க வேண்டும். அந்த நாள் கணக்கு தண்ணீரின் வெப்பத்தையும் புழுவின் இனத்தையும் பொறுத்தது. இனம் தப்பினால் கணக்கும் தப்பும்.

ஏரல் கடல் சொன்ன பாடம்

1930-களில் காஸ்பியன் கடலிலிருந்து ஒரு வகை ஸ்டர்ஜன் மீனை ஏரல் கடலில் கொண்டுவந்து விட்டார்கள். அதோடு நிட்ஷியா என்ற புழுவும் வந்தது. அதைப் பார்த்தே இராத உள்ளூர் ஸ்டர்ஜன்கள் 1936-ல் கொத்துக் கொத்தாகச் செத்தன. அந்தப் புழுவுக்கு 1794-லேயே பெயர் வைத்தாயிற்று. பெயர் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, மீனை இடம் மாற்றும்போது செவுளைப் பார்த்து அதை அடையாளம் காண ஒரு ஆள் வேண்டும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் 2010-ல் கடல்விராலை இனப்பெருக்கம் செய்ய வைத்தது. கடல்விராலும் கொடுவாவும் கூண்டில் வளரும் மீன்கள். இரண்டுமே நியோபெனெடினியாவுக்குப் பிடித்தமானவை. கூண்டில் மீன்கள் நெருக்கமாக இருக்கும். புழுவுக்கு அடுத்த வீடு பக்கத்திலேயே.

கூண்டுக்கும் குஞ்சுக்கும் திட்டம் போடுகிறோம். அந்தத் திட்டத்திலேயே, கொக்கியை அளந்து பார்த்து “இது வேற புழு” என்று சொல்லத் தெரிந்த ஒருவருக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். வகைப்பாட்டியல் படித்தவருக்கு வேலை இல்லை என்ற நிலை தொடர்ந்தால், மீன் சாகும்போது எதனால் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.