தாத்தா எழுதி வைக்காத கணக்கு



ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த தாத்தா, பாட்டி யாரையாவது பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள். "சிப்காட் வருவதற்கு முன்னால் நம் ஏரிக்கு என்னென்ன பறவைகள் வந்தன?"

"ஏயப்பா, எவ்வளவு கொக்கு, எவ்வளவு நாரை!" என்பார்கள். "எத்தனை?" என்றால் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?

நாடு முழுக்க இதே கதைதான். 2023ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று ஓர் அறிக்கை வந்தது. சுமார் 30 ஆயிரம் பேர் பார்த்து எழுதிய 3 கோடி குறிப்புகளை வைத்து, 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தார்கள். ஆனால், நீண்ட காலத்தில் கூடியதா, குறைந்ததா என்று சொல்ல முடிந்தது 338 வகைகளுக்குத்தான். அதில் 204 குறைந்துவிட்டன! மீதி 600 வகைகளுக்கு என்ன ஆயிற்று? பழைய குறிப்புகள் போதவில்லை.

நமக்குப் பக்கத்தில், பெங்களூரு லால்பாக்கில், 1970களிலேயே சில பெரியவர்கள் மாதம் ஒரு ஞாயிறு காலை சேர்ந்து நடந்து, பறவை பார்க்கத் தொடங்கினார்கள். நீங்கள் வாரம் ஒருமுறை நடக்கலாமே! ஓசூர் நகருக்குள்ளேயே ராமநாயக்கன் ஏரி இருக்கிறது. நான்கைந்து நண்பர்கள், கூட ஒரு பெரியவர், ஒரு நோட்டு, பென்சில் போதும். பைனாகுலர் இல்லையே என்று ஏங்க வேண்டாம். தண்ணீர் ஓரம் மட்டும் இறங்காதீர்கள்.

ஒவ்வொரு வாரமும் அதே வழி, அதே நேரம். இதுதான் முக்கியம். பெயர் தெரியாத பறவையா? மைனாவை விடப் பெரியதா, அலகு வளைந்ததா, கால் என்ன நிறம் என்று எழுதுங்கள். உங்கள் வகுப்பில் தெலுங்கு பேசும் தோழன் கொக்கைக் 'கொங்க' என்பான். கன்னடம் பேசும் தோழி 'கொக்கரே' என்பாள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்த வசதி கிடைக்கும்?

போன வாரம் இருந்த முக்குளிப்பான் இந்த வாரம் இல்லையா? "இல்லை" என்று எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குளிர்காலத்துக்கு வரும் வாலாட்டிக் குருவியை முதன்முதலில் பார்த்த தேதியையும், கடைசியாகப் பார்த்த தேதியையும் விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பறவை நிறைய இருந்தாலே தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சிவப்புக் கால் நீண்ட நெடுங்கால் உள்ளான் சாக்கடை கலந்த நீரிலும் இரை தேடிக்கொள்ளும். மீன்கொத்திக்கோ மீனும் வேண்டும், அது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். அதனால் மொத்த எண்ணிக்கை போதாது, எந்தப் பறவை எத்தனை என்று தனித்தனியாக வேண்டும். பெங்களூருக் கழிவு சேர்ந்து வரும் தென்பெண்ணை நீர், கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நுரை போட்டோவில் வந்துவிடுகிறது. எந்தப் பறவை வராமல் போனது என்பது போட்டோவில் வராது.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் பட்டியலை ஆசிரியர் உதவியோடு 'இ-பேர்ட்' இணையதளத்தில் சேர்க்கலாம். அதற்குள் பழகிக்கொள்ள இந்த ஞாயிறே தொடங்கிவிடுங்கள். நோட்டில் தேதியும் மணியும் போட மறக்காதீர்கள்!

அன்புடன்,
ஆசிரியர்